நாட்டுத் துப்பாக்கியும் நாட்டின் சட்டமும்

பெரம்பலூர் மாவட்டத்தின் வேப்பந்தட்டை வட்டாரத்தில் மக்காச்சோளக் கதிர் பால் பிடிக்கும் நாள்களில் விவசாயிக்கு உறக்கம் கிடையாது. பச்சைமலை அடிவாரத்திலிருந்து இறங்கும் காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரே இரவில் ஒரு ஏக்கர் பயிரைச் சாய்த்துவிட்டுப் போய்விடும். பரண் கட்டிக் காவல் இருக்கிறார்கள்; தகரத்தைத் தட்டுகிறார்கள்; பட்டாசு வெடிக்கிறார்கள்; பழைய சேலைகளை வேலியாகக் கட்டுகிறார்கள். சில நாள்களில் பன்றிகளுக்கு இவை எல்லாம் பழகிவிடுகின்றன. அப்போதுதான், "ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தால் போதும்" என்ற எண்ணம் விவசாயியின் மனதில் எழுகிறது.

நாளிதழ்களில் "உரிமமின்றி நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர் கைது" என்று வரும் ஒரு பத்திச் செய்திகளில் பலவற்றுக்குப் பின்னால் இப்படியோர் எண்ணம் இருக்கிறது. கைதாகிறவர்களில் வேட்டையைத் தொழிலாகக் கொண்டவர்களும் உண்டு. பயிரைக் காக்க நினைத்தவர்களும் உண்டு. பாட்டன் வைத்திருந்ததைப் பரணில் போட்டு மறந்துவிட்டவர்களும் உண்டு. நாட்டுத் துப்பாக்கியை வாங்கவோ விற்கவோ சட்டத்தில் வழியே இல்லை என்று பலர் கருதுகின்றனர். கிராமத்தில் எல்லோரிடமும் இருப்பதுதானே, அதில் என்ன குற்றம் என்று வேறு சிலர் கருதுகின்றனர். இரண்டுமே தவறு. சட்டம் ஒரு வாயிலைத் திறந்துதான் வைத்திருக்கிறது. அந்த வாயில் எங்கே இருக்கிறது என்பதை யாரும் எடுத்துச் சொல்லாததால் மக்கள் கொல்லைப்புற வழியைத் தேடிச் சென்று சிறைக்குள் விழுகிறார்கள்.

நாட்டுத் துப்பாக்கி என்று நாம் சொல்வது குழலின் வாய் வழியாக மருந்து நிரப்பிச் சுடும் பழைய வகை ஆயுதம். கருமருந்தைக் குழலின் வாயில் கொட்டி, தேங்காய் நாரையோ துணியையோ திணித்து, பால்ரஸ் குண்டுகளைப் போட்டு, நீண்ட கம்பியால் இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். பின்புறம் உள்ள சிறு முனையில் கேப்பைப் பொருத்தி, விசையை இழுத்தால் சுத்தி அதன்மீது விழும், தீப்பொறி உள்ளே பாயும், மருந்து வெடிக்கும். ஒருமுறை சுட்டபின் இத்தனை வேலையையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். இதன் குழல் உட்புறம் வழவழப்பாக இருக்கும். ரைஃபிள் எனப்படும் துப்பாக்கியின் குழலில் குண்டைச் சுழற்றி அனுப்பும் திருகு வரிகள் இருக்கும். வாய்வழி நிரப்பும் ரைஃபிள்கள் மேலைநாடுகளில் பெருமளவில் செய்யப்பட்டன. நம் ஊர்ப்புறங்களில் புழங்கியது பெரும்பாலும் வழவழப்பான குழல்தான்.

இந்த ஆயுதம் இந்த மண்ணுக்குப் புதிதன்று. திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் செல்வோர் கண்ணில் படும் ரஞ்சன்குடிக் கோட்டை, கர்நாடகப் போர்களைக் கண்ட கோட்டை. 1751-இல் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும் ஒருபுறமும், முகமது அலியும் ஆங்கிலேயர்களும் மறுபுறமுமாக வாலிகொண்டபுரம் பகுதியில் மோதியபோது, இரு படைகளின் தோள்களிலும் இருந்தவை வாய்வழி நிரப்பும் துப்பாக்கிகளே. அரியலூர், உடையார்பாளையம் பாளையக்காரர்களின் வீரர்களும் அதே காலத்தவர்கள். மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட பிறகு, 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. 1878-இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம், இந்தியர்கள் உரிமமின்றி ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்றது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்தது. அந்தப் பாகுபாட்டை நீக்கி, சுதந்திர இந்தியா 1959-இல் இயற்றிய ஆயுதச் சட்டமே திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் உள்ளது.

போர்க்களத்தை விட்டு நீங்கிய பிறகும் வேட்டைக் கருவியாக நாட்டுத் துப்பாக்கி நெடுங்காலம் வாழ்ந்தது. தோளில் அதைச் சாய்த்துக்கொண்டு கொக்கு, கௌதாரி வேட்டைக்குச் செல்லும் நரிக்குறவர்களை ஐம்பது வயதைக் கடந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பெரம்பலூர் மாவட்டத்தில் எறையூர் அருகே உள்ள மலையப்ப நகர் அவர்களது குடியிருப்புகளில் ஒன்று. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அவர்களது வேட்டை வாழ்வுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அவர்கள் பாசிமணி விற்பனைக்கும் வேறு தொழில்களுக்கும் மாறினார்கள். அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில். வேட்டையைத் தடுத்த சட்டத்துக்கும் அவர்களுக்கு மாற்று வாழ்வுக்கான கதவைத் திறந்த சட்டத்துக்கும் இடையில் ஐம்பது ஆண்டுகள் கழிந்திருக்கின்றன.

இதே வகைத் துப்பாக்கிக்கு அமெரிக்காவில் உள்ள நிலையைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் உருவாக்கிய நீண்ட குழல் ரைஃபிளை அதே முறையில் கையால் செய்து தரும் கைவினைஞர்கள் அங்கே இன்றும் இருக்கிறார்கள். எந்த மரத்தில் கட்டை, எவ்வளவு நீளக் குழல், எத்தகைய பித்தளை வேலைப்பாடு என்று வாங்குபவர் சொல்ல, மாதக்கணக்கில் உழைத்துச் செய்து தருகிறார்கள். 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், கருமருந்தை மட்டுமே பயன்படுத்தும் இத்தகைய வாய்வழித் துப்பாக்கிகளைப் பழம்பொருளின் வரிசையில் வைத்திருப்பதால், நடுவண் அரசின் உரிமத் தேவை பெரும்பாலும் இல்லை. மாநிலச் சட்டங்கள் மாறுபடலாம். ஆயினும், அங்கே அது அடிப்படையில் ஒரு கலைப்பொருள்.

இந்தியச் சட்டம் அவ்வாறு பார்ப்பதில்லை. எவ்வளவு பழைய முறையில் செய்யப்பட்டிருந்தாலும் சுடக்கூடிய துப்பாக்கி துப்பாக்கியே. கணினியில் அமெரிக்க விற்பனை விளம்பரங்களைப் பார்த்துவிட்டு, உள்ளூர்ப் பட்டறையில் அதேபோல் ஒன்றைச் செய்யச் சொல்லலாம் என்று நினைக்கும் ஆர்வலரும், மக்காச்சோளத்தைக் காக்க நினைக்கும் விவசாயியும் முதலில் மனதில் கொள்ள வேண்டியது இதைத்தான்.

ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு உரிமமின்றித் துப்பாக்கி செய்வதையும் விற்பதையும் பழுதுபார்ப்பதையும் தடை செய்கிறது. செய்தவரின் பெயர், எண் போன்ற அடையாளக் குறி இல்லாத துப்பாக்கியை விற்கக் கூடாது என்கிறது 8-ஆவது பிரிவு. கிராமத்துப் பட்டறையில் உருவாகும் எந்தத் துப்பாக்கியும் இவ்விரண்டு தடைகளையும் தாண்ட முடியாது. 2019 டிசம்பரில் நிறைவேறிய திருத்தம் தண்டனையைக் கடுமையாக்கியது. உரிமமின்றிச் செய்தாலோ விற்றாலோ குறைந்தது ஏழு ஆண்டு சிறை. அது ஆயுள் வரை நீளலாம். உரிமமின்றி வைத்திருப்பதற்கே இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு குழலின் உண்மையான விலை இதுதான்.

அப்படியானால் சட்டப்படி வாங்கும் வழி என்ன? முதலில் உரிமம், பிறகே துப்பாக்கி. இந்த வரிசை மாறக் கூடாது. 21 வயது நிறைந்த எவரும் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்கலாம். ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற்றதற்கான சான்றிதழை 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் கோருகின்றன. காவல் துறையின் அறிக்கையைப் பெற்று ஆட்சியர் முடிவெடுப்பார். உரிமம் கிடைத்தபின், உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ, சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கும் மற்றொரு தனிநபரிடமோ வாங்கலாம். வாங்கிய துப்பாக்கியின் விவரங்கள் உரிமத்தில் பதிவாக வேண்டும். ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. உரிமம் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும்.

தனிநபர் விற்பனைக்கும் சட்டம் நெறிமுறை வகுத்திருக்கிறது. தன் சொந்தப் பயன்பாட்டுக்காக உரிமத்துடன் வைத்திருக்கும் துப்பாக்கியை, அதை வைத்திருக்கத் தகுதியுள்ள மற்றொருவருக்கு விற்கலாம். ஆனால், வாங்குபவரின் பெயர், முகவரியுடன் மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்துமூலம் தெரிவித்து, குறைந்தது 45 நாள்கள் கழிந்த பிறகே கைமாற்ற வேண்டும். பணத்தைக் கொடுத்துத் துப்பாக்கியை உடனே வாங்கிச் செல்லும் விற்பனைக்கு இங்கே இடமே இல்லை.

இனி, பலரும் அறியாத அந்த வாயிலுக்கு வருவோம். ஆயுதச் சட்டத்தின் 13-ஆவது பிரிவில், எந்த நிலையில் உரிமம் வழங்கப்பட வேண்டும் என்று சொல்லும் இடத்தில், உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக இந்தியக் குடிமகன் கோரும் வாய்வழி நிரப்பும் துப்பாக்கி பெயர் சுட்டியே குறிப்பிடப்பட்டுள்ளது. அத்தகைய துப்பாக்கி போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால், வேறு வகை வழவழப்புக் குழல் துப்பாக்கிக்கு அனுமதி அளிக்கலாம் என்றும் அது சொல்கிறது. அதாவது, விவசாயிக்கு உரிய ஆயுதமாக நாடாளுமன்றம் முதலில் கருதியது நாம் இன்று கள்ளத் துப்பாக்கி என்று மட்டுமே அறிந்திருக்கும் இதே வகையைத்தான்.

இன்னொரு செய்தியும் முக்கியமானது. போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காரணம் காட்டி ஒருவருக்கு உரிமம் மறுக்கக் கூடாது என்கிறது 14-ஆவது பிரிவு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும்; விண்ணப்பதாரர் கேட்டால், பொதுநலனுக்குக் கேடு என்று கருதினாலொழிய, அதைத் தெரிவிக்க வேண்டும். மேல்முறையீட்டுக்கும் சட்டத்தில் இடமுண்டு. ஆனால், துப்பாக்கி உரிமம் என்றாலே செல்வந்தருக்கும் செல்வாக்குள்ளவருக்கும் உரியது என்ற எண்ணம் ஊறிப்போன சமூகத்தில், இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் வைத்திருப்பவர் ஆட்சியர் அலுவலகப் படியேறி விண்ணப்பம் கேட்பது எளிதன்று. உரிமம் வழங்குவது பொது அமைதிக்குக் கேடாகும் என்று கருதினால் மறுக்கும் அதிகாரம் ஆட்சியருக்கு உண்டு; அது இருக்கவும் வேண்டும். கேட்கவே தயங்கும் நிலைதான் இருக்கக் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. துப்பாக்கி உரிமம் வேட்டை உரிமம் அன்று. பயிர்ப் பாதுகாப்புக்காக முறைப்படி உரிமம் பெற்றவர்கூட, தன் வயலில் மேயும் காட்டு விலங்கைத் தன் விருப்பப்படி சுட முடியாது. மயில் பட்டியல் ஒன்றில் உள்ள பறவை. அதைக் கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறையும் குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பட்டியல் இரண்டில் உள்ள விலங்குகள் பயிருக்குக் கேடு விளைவித்தால், அவற்றைக் கொல்ல அனுமதி அளிக்கும் அதிகாரம் முதன்மை வன உயிரினக் காப்பாளருக்கும் அவரால் அதிகாரம் அளிக்கப்பட்ட அலுவலருக்குமே உண்டு. ஆகவே, அத்தகைய அனுமதி இல்லாத நாள்களில் அந்தத் துப்பாக்கி வெற்று வேட்டால் விலங்குகளை விரட்டும் கருவி மட்டுமே.

அரியலூர் மாவட்ட மக்களுக்கு இன்னொரு விதியும் பொருந்தும். 1999-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற கரைவெட்டி ஏரிக்கு, இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வந்து தங்குகின்றன. சரணாலயத்திலிருந்து பத்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள் வசிக்கும் உரிமதாரர்கள் தம் பெயரை வனத்துறையிடம் பதிவு செய்ய வேண்டும். அந்த எல்லைக்குள் புதிய உரிமம் வழங்க முதன்மை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு தேவை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. பறவைகளின் பக்கம் நின்று பார்த்தால் இது நியாயமான விதி. ஆனால், சுற்றுவட்டார நெல் விவசாயிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சட்ட வழி நீளமானது, கள்ள வழி குறுகியது என்பதால்தான் பட்டறைத் துப்பாக்கி விலைபோகிறது. ஆனால், அதை வாங்குபவர் சட்டத்தை மட்டும் பணயம் வைப்பதில்லை; கையையும் கண்ணையும் சேர்த்தே பணயம் வைக்கிறார். முறையான ஆலையில் செய்யப்படும் குழல், வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தத்தில் சுட்டுச் சோதிக்கப்பட்டு முத்திரை பெறுகிறது. துப்பாக்கித் தொழிலுக்குப் பெயர்பெற்ற பிகாரின் முங்கேரில்கூட உரிமம் பெற்ற ஆலைகளுக்கும் கள்ளப் பட்டறைகளுக்கும் உள்ள வேறுபாடு இதில்தான் இருக்கிறது. வேறு வேலைக்காக வார்த்த இரும்புக் குழாய் வெடிமருந்தின் அழுத்தத்தைத் தாங்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. மருந்து கூடிவிட்டாலோ, முன்பு நிரப்பியதை மறந்து மீண்டும் நிரப்பினாலோ குழல் சுடுபவரின் முகத்துக்கு நேரே பிளக்கும். ஈரம் பட்ட மருந்து உடனே வெடிக்காமல், குழலைத் திருப்பிப் பார்க்கும் நேரத்தில் வெடிக்கக்கூடும். இருட்டில் புதர் அசைவதைப் பன்றி என்று எண்ணிச் சுட்டு, உடன் வந்தவரைப் பலிகொண்ட செய்திகளும் தமிழகத்தின் மலைப்பகுதிகளிலிருந்து அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கின்றன.

பரணில் கிடக்கும் பாட்டன் துப்பாக்கியின் நிலை என்ன? உரிமதாரர் இறந்துவிட்டால், வாரிசுகள் அதைக் காலதாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். பிறகு தம் பெயரில் உரிமம் பெற்று மீட்கலாம்; அல்லது உரிமம் உள்ளவருக்கு விற்கலாம். பழமையான, பழுதுபார்த்தாலும் சுட இயலாத நிலையில் உள்ள துப்பாக்கிக்குச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு விலக்கு அளிக்கிறது. ஆனால், அது சுட இயலாதது என்று நாமே முடிவு செய்துகொள்வது ஆபத்து. காவல் துறையிடம் காட்டி, எழுத்தில் உறுதி பெற்றுக்கொள்வதே அறிவுடைமை.

சமூக மரபை மதித்து விலக்கு அளித்த முன்னுதாரணமும் நம் நாட்டில் உண்டு. கர்நாடகத்தின் குடகில், கொடவர்களுக்கும் ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் துப்பாக்கி உரிமத்திலிருந்து அளிக்கப்பட்டிருந்த விலக்கை மத்திய அரசு 2029 வரை நீட்டித்தது. 2021-இல் கர்நாடக உயர்நீதிமன்றமும் அதை ஏற்றது. அதே விலக்கு இங்கும் வேண்டும் என்பதல்ல வாதம். ஆயுதம் பெருகினால் பூசல்களும் பெருகும். சாதிச் சண்டைகளில் அரிவாளுக்குப் பதில் துப்பாக்கி வந்தால் என்னவாகும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பயிர்ப் பாதுகாப்பு உரிமத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வழங்கச் சொல்வதும் பொறுப்பற்ற செயலாகும்.

துப்பாக்கி இல்லாமலேயே விவசாயியின் பயிர் காக்கப்படுவதுதான் சிறந்த தீர்வு. கேரள அரசு 2022-இல், பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட உரிமம் பெற்ற துப்பாக்கியாளர்களைப் பயன்படுத்தும் அனுமதி அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடம் அளித்தது. தமிழகத்தில் 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம்; ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும்; ஒரு கிலோமீட்டருக்குள் சுட அனுமதியில்லை. இதன்படி, காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவருக்கு வேலியும் இழப்பீடும்தான் மிச்சம். அவை இரண்டும் காலத்தோடு கிடைத்தால், கள்ளத் துப்பாக்கிக்கான தேவை பெருமளவு குறைந்துவிடும்.

செய்ய வேண்டியவை எளியவை. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளைக் குறிப்பிட்ட நாளுக்குள் ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்ற அறிவிப்பைச் சேலம், தருமபுரி, திருவண்ணாமலை போன்ற மலை மாவட்டங்களில் காவல் துறை அவ்வப்போது வெளியிட்டுப் பயன் கண்டிருக்கிறது. பச்சைமலை அடிவாரத்திலும் அதை ஆண்டுதோறும் செய்யலாம். அப்போதே, பயிர்ப் பாதுகாப்பு உரிமம் கோருவது எப்படி, எந்த விலங்கைச் சுடக் கூடாது, இழப்பீட்டுக்கு யாரிடம் விண்ணப்பிப்பது என்பதைக் கிராம சபைகளில் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டும். மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்தில் வனத்துறையும் காவல் துறையும் சேர்ந்து அமர்ந்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

சட்டத்தை அறியாமை குற்றத்துக்குச் சமாதானமாகாது என்பது நீதிமன்றத்தின் கோட்பாடு. அறியச் செய்வது அரசின் கடமை என்பதும் அதற்கு இணையான கோட்பாடாக இருக்க வேண்டும். அடுத்த மக்காச்சோளப் பருவத்துக்கு இன்னும் நாள்கள் இருக்கின்றன. பரணில் கண்விழித்திருக்கும் விவசாயி, பட்டறைக்காரரைத் தேடிச் செல்வதற்கு முன்பு ஆட்சியர் அலுவலகத்தின் பதில் அவரிடம் வந்து சேர வேண்டும். அந்தப் பதில் மறுப்பாகவே இருந்தாலும், அவர் சிறைக்குச் செல்வதைவிட அது மேல்.